உம்மடை எட்டுக்கு என்ன படைக்கிறது?

எங்கள் தீவில் செத்தவர்களுக்காக அழுதவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். சாகாதவர்களின் எட்டுச்செலவைப் பற்றிக் கவலைப்பட்டுத் திரிந்த ஒரே மனிதர் எட்டு டொக்டர்தான்.

எட்டுச்செலவு தெரியாத வாசகருக்கு ஒரு சொல். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், எட்டாம் நாள் அவருக்கு வாய்க்கு ருசியாக என்னென்ன பிடித்ததோ அதையெல்லாம் சமைத்து, வாழையிலையில் அவருக்குப் படைத்துவிட்டு, பிறகு உறவுக்காரர் பந்தியாக இருந்து சாப்பிடுவார்கள். இறைச்சி பிடித்தவருக்கு இறைச்சி. சாராயம் பிடித்தவருக்கு அதுவும் ஒரு கிளாசில் இருக்கும். செத்தவர் தொடமாட்டார். இருக்கிறவர்கள் அவருக்கும் சேர்த்துச் சாப்பிடுவார்கள்.

டொக்டருக்கு தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று இருந்தது. மருந்துத்துண்டின் அடியில் அதைத்தான் எழுதுவார். அந்தக் கையெழுத்தை வாசிக்கத்தான் ஊரில் ஆளில்லை. மருந்து குடுக்கிறவர் ஒருநாள் அந்தப் பேரையும் ஒரு குளிசை என்று நினைத்து அலுமாரி முழுக்கத் தேடினார் என்று கேள்வி. ஆகவே ஊர் தானாகவே ஒரு பேர் வைத்தது. எட்டு டொக்டர். அதற்குப் பிறகு பழைய பேர் அவருக்கே மறந்திருக்கும்.

ஆஸ்பத்திரியின் வாசல் படலைக்கு நேரெதிரே என் தேத்தண்ணிக்கடை. ஆஸ்பத்திரி எந்த ஊரில் என்று சொல்லமாட்டேன். தீவார் கண்டுபிடித்துவிடுவார்கள், மற்றவர்களுக்கு அது தேவையில்லை. கிளினிக் நாளில் வெறுவயிற்றோடு வந்து இரத்தம் குடுக்கிறவர்கள், குடுத்த கையோடு என் கடைக்கு வருவார்கள். எண்ணெயில் பொரித்த இரண்டு வாய்ப்பன், ஒரு வடை, சீனி தூக்கலாகத் தேத்தண்ணி. "இரத்தம் குடுத்தாச்சு, இனி என்ன?" என்பார்கள். சோதனை எழுதி முடித்த பிள்ளை புத்தகத்தைக் கிணற்றுக்குள் போடுகிற மாதிரி. என் வியாபாரத்துக்கு அந்த ஆஸ்பத்திரி செய்த உபகாரம் கொஞ்சமில்லை.

டொக்டர் வடமராட்சிப் பக்கத்து ஆள். ஒல்லிக் கால், ஒல்லிக் கை, நடுவில் மட்டும் யாரோ ஒரு பூசணிக்காயைச் செருகிவிட்ட மாதிரி ஒரு வயிறு. வாய் அதைவிடப் பெரிது. எழுபது வயதுக் கிழவரையும் நீங்கள் என்னாமல் "நீர்" என்பார், பள்ளிக்கூட அதிபரையும் "நீர்" என்பார், ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருக்கிற நாயையும் "நீர் கொஞ்சம் எழும்பும்" என்பார். நாய் மட்டும்தான் குறைநினைக்கவில்லை.

வந்த புதிதில் மனுசன் தான் படித்த படிப்பின்படியே நடந்தார். அதுதான் அவர் விட்ட பிழை.

சுவரில் ஒரு நிறச் சட்டம் தொங்கவிட்டிருந்தார். சின்னச் சின்னக் கட்டங்கள். வயது, பிறஷர், சீனி, கொலஸ்ரோல், சுருட்டுக் குடிக்கிறவரோ இல்லையோ, எல்லாம் கேட்டு விரலை ஓட்டிக்கொண்டுபோனால் ஒரு கட்டத்தில் நிற்கும். பச்சை என்றால் நெஞ்சுக்கு ஆபத்துக் குறைவு. மஞ்சள் என்றால் கவனம். செம்மஞ்சள், சிவப்பு என்று போகப் போக நிலைமை மோசம். இதைவிட விளக்கமாக ஒரு மனிதருக்கு அவருடைய நெஞ்சைக் காட்ட முடியாது என்று டொக்டர் நம்பினார். எங்கள் சனத்தை அவருக்கு அப்போது தெரியாது.

பச்சை கிடைத்த வேலணைப் பொன்னம்மா அக்கா முகத்தைச் சுளித்தா. "பச்சை எனக்கு எப்பவும் ஒத்துவாறேல்லை, டொக்டர். வேறை ஒண்டு பாருங்கோ." மஞ்சள் கிடைத்த ஒருவர், "மஞ்சள் மங்களம்தானே" என்று சொல்லி, தந்த குளிசையை அங்கேயே கதிரையில் வைத்துவிட்டுப் போனார். சிவப்புக் கிடைத்தவர் சங்கக்கடையின் பழைய மனேச்சர். போட்டியில் முதலிடம் வந்தவர் மாதிரி என் கடைக்குள் நுழைந்தார். "எனக்குச் சிவப்பு! இண்டைக்கு வேறை ஒருத்தருக்கும் சிவப்பில்லை!" அந்தச் சந்தோசத்தில் ஒரு வாய்ப்பன் கூடுதலாகச் சாப்பிட்டார்.

டொக்டர் படலை தாண்டிக் கடைக்கே வந்துவிட்டார்.

"ஐசே மனேச்சர், உமக்கு விளங்கேல்லை. உம்மைப்போலை பத்துப் பேரை வரிசையிலை விட்டால், பத்து வருசத்துக்குள்ளை மூண்டு பேருக்கு நெஞ்சு அடைக்கும்."

"ஆர் அந்த மூண்டு பேர்?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

"அப்ப தெரியாமலோ சொல்லுறியள்?"

டொக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பிப் போனார். கடையின் மர வாங்கிலில் வரிசையாக இருந்தவர்கள் விடவில்லை. டொக்டர் கண்டுபிடிக்காத மூன்று பேரையும் தாங்களே கண்டுபிடிப்பது என்று தீர்மானித்தார்கள். "ஒண்டு, அந்தத் தபால்கந்தோர் ஆள். அவற்றை நிறமே சரியில்லை." "ரண்டாவது உவன் மண்டைதீவுச் சம்மாட்டி. கோவக்காரன்." "மூண்டாவது என்ரை சம்பந்தி." தேத்தண்ணி ஆறுவதற்குள் மூன்று பேரும் தெரிவாகிவிட்டார்கள். மூவரில் ஒருவரும் அங்கே இல்லை. மிச்ச ஏழு பேரும் என் கடை வாங்கிலில் இருந்தார்கள்.

மனேச்சர் அந்த வருசமே செத்துப்போனார்.

எங்கள் ஊரில் மாரடைப்பு என்று ஒரு வருத்தம் கிடையாது. இருப்பது வாயு. வாயு நெஞ்சுக்கு ஏறும், முதுகுக்குப் போகும், இடக்கை வழியாக இறங்கும், வேர்க்கும், கடைசியில் ஆளையும் கூட்டிக்கொண்டு போகும். செத்தவீட்டில் மனேச்சரின் மனுசி அதையே சொல்லி அழுதா. "நல்லாய்த்தானே இருந்தவர். கொஞ்சம் வாயு எண்டவர். இஞ்சி இடிச்சுக் குடுத்தனான்." மதில் முழுக்கப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து அடிப்பித்த கண்ணீர் அஞ்சலி. கிளினிக்குக்கு ஒருக்காலும் சிரித்துக்கொண்டு வராத மனுசன் அதில் கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எட்டுச்செலவுக்கு டொக்டரையும் அழைத்திருந்தார்கள். வந்தார். படையல் இலையைப் பார்த்தார். ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஈரல் பொரியல், பொரித்த கருவாடு, பொரித்த மிளகாய், என் கடை வாய்ப்பன், ஒரு பெட்டி சிகரெட்டு, கிளாசில் சாராயம். சனம் கும்பிட்டபடி நின்றது. டொக்டர் கையைக் கூப்பவில்லை. இலையைச் சுட்டிக்காட்டிப் பெரிய குரலில் கேட்டார்.

"மனுசனைச் சாகடிச்ச ஆக்களையெல்லாம் கூப்பிட்டு முதல் பந்தியிலை இருத்தியிருக்கிறியளே, உங்களுக்கு விசரோ?"

சனம் அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு கிழவி சொன்னா: "டொக்டருக்குப் பசி போலை. முதல் அவருக்குப் போடுங்கோ."

போட்டார்கள். சாப்பிட்டார். கோபத்தோடுதான் சாப்பிட்டார், ஆனால் சாப்பிட்டார். கை கழுவும்போது என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "ஐசே, நான் பத்துப் பேர், மூண்டு பேர் எண்டு கத்தினன். ஒருத்தரும் கேக்கேல்லை. இஞ்சை பாரும், எட்டு எண்டவுடனை ஊரே திரண்டு வந்து நிக்குது. இவைக்கு விளங்கிற பாஷை இதுதான்."

அடுத்த கிளினிக்கில் இருந்து நிறச் சட்டத்தில் குடையைத் தொங்கவிட்டார். முன்னால் வந்து கதிரையில் இருக்கிற ஆளின் கையில் பிறஷர் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உம்மடை எட்டுக்கு என்ன படைக்கிறது?"

முதல் கிழமை ஊர் அதிர்ந்தது. அவச்சொல் என்று பெண்கள் மண்ணை அள்ளித் தூற்றினார்கள். சிலர் எழும்பி ஓடினார்கள். ஓடினவர்களின் பின்னால் "பொரியலோ, பிரட்டலோ? அதையாவது சொல்லிப்போட்டு ஓடும்!" என்று கத்தினார். மேலிடத்துக்குப் பெட்டிசம் போனது. விசாரிக்க ஒரு பெரியவர் கார் பிடித்து வந்தார். உள்ளே போய் அரைமணித்தியாலம் கதவு சாத்தியிருந்தது. வெளியே வரும்போது பெரியவரின் கையில் பிறஷர்க் குளிசை, முகத்தில் ஆட்டிறைச்சியை நினைத்த கவலை.

பிறகுதான் கவனித்தேன், ஓடினவர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். எட்டு என்று கேட்டதும் எல்லோருக்கும் சமையல் ஞாபகம் வருகிறது. சமையல் ஞாபகம் வந்ததும், யார் சமைப்பார்கள், யார் வருவார்கள், யார் அழாமல் சாப்பிடுவார்கள் என்ற ஞாபகம் வருகிறது. அதோடு கால் தானாகக் கிளினிக்குக்குத் திரும்பும். சட்டத்தில் இருந்த சிவப்பால் செய்ய முடியாததை ஒரு வாழையிலை செய்தது.

ஊர்காவற்றுறை றெஜினா அக்கா மட்டும் மடக்கப் பார்த்தா.

"டொக்டர், நாங்கள் வேதக்காரர். எங்களுக்கு எட்டில்லை. முப்பத்தோராம் நாள் பூசைதான்."

"பூசை முடியச் சனத்துக்கு என்ன குடுப்பியள்?"

"புரியாணி."

"ஆர் காய்ச்சுறது?"

"மூத்தவள்."

"அவளுக்கு உப்புப் பதம் தெரியுமோ?"

றெஜினா அக்கா கையை விரித்தா. "அவளுக்கு ஒண்டுமே தெரியாது, டொக்டர்."

"அப்ப உயிரோடை இருந்து பழக்கும். இந்தக் குளிசையை இரவிலை போடும்."

இப்படி ஊரையெல்லாம் மிரட்டினவர், காலமை கிளினிக் தொடங்க முன்னம் என் கடைக்குப் பின்பக்கத்தால் வருவார். குசினிக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் குந்துவார். சூடாக ஒரு உழுந்துவடை, ஒரு பிளேன்ரீ. ஊதி ஊதிச் சாப்பிடுவார். கண் மூடியிருக்கும். முன்பக்கம் வாங்கிலில் அவருடைய நோயாளர் இருப்பார்கள். நடுவில் ஒரு தகரக்கதவு.

"டொக்டர், இது என்ன நியாயம்?"

"ஆராய்ச்சி. சனத்தைக் கொல்லுற சாமானை டொக்டர் அறிஞ்சிருக்கவேணும்."

ஒருநாள் வாய் சும்மா இராமல் கேட்டேன். "அப்ப உங்கடை எட்டுக்கு?"

யோசிக்கவே இல்லை. "வடை. வேறை ஒண்டும் வேண்டாம். உம்மடை கையாலை." சொல்லிவிட்டு விரலில் ஒட்டின எண்ணெயை என் சுவரில் துடைத்தார்.

இனி என் மச்சான் நவரத்தினத்தின் கதைக்கு வரவேண்டும்.

என் மனுசி ராணிக்கு மிஞ்சியிருக்கிற ஒரே அண்ணன். தெற்கில் கடை வைத்திருந்த பரம்பரை. சிங்களத்தில் பேரம் பேசுவார், தமிழில் ஏசுவார். இப்போது கடையுமில்லை, வீட்டில் ஆளுமில்லை. மகன் கனடாவில். பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று மனுசியும் அங்கே போய்க் குளிருக்குள் நிற்கிறா. மச்சான் நாரந்தனையில் ஒரு பெரிய வீட்டில் தனிய இருந்து, என் கடை றோல்ஸிலும் ராணியின் கறியிலும் சீவித்தார். மகன் பார்சலில் சத்துக்குளிசைப் போத்தல்கள் அனுப்புவான். அவற்றை அலுமாரியில் கோயில் சிலை மாதிரி வரிசையாக வைத்திருந்தார். ஒன்றும் திறபடவில்லை.

ராணிக்கு ஒரே பயம். தகப்பன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சரிந்தவர். மூத்த தமையன் பஸ்ஸுக்குள் சரிந்தவர். மிச்சம் இந்த ஒருவர். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், கேட்டால் "வாயு" என்பார். கிளினிக் என்றால், "சும்மா இருக்கிறவனுக்கு வருத்தம் கண்டுபிடிக்கிற இடம்" என்பார்.

ராணி கடைசியில் என்னிடம்தான் பாய்ந்தா. "அண்ணனை அந்தக் கதிரையிலை கொண்டுபோய் இருத்துறது உங்கடை பொறுப்பு. இல்லாட்டி இனி உழுந்து அரைக்கமாட்டன்."

மாவு அரைக்கிறது ராணி. நான் சுடுகிறவன் மட்டும்தான். செய்தியை அப்படியே குசினிக்குள் வாளியில் இருந்த டொக்டரிடம் சொன்னேன்: நவரத்தினம் இல்லையென்றால் வடை இல்லை. டொக்டரின் முகத்தில் நான் அப்படியொரு கடமையுணர்ச்சியை முன்னம் பார்த்ததில்லை.

"உவருக்கு ஊரிலை ஆரோடை பகை?" என்று கேட்டார்.

தம்பிராசாவோடு. மச்சானின் சித்தப்பா மகன். அடுத்த வளவு. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி, அந்த வேலியில் நட்ட தடியாக ஒரு பூவரசங் கதியால். அது மச்சானின் பக்கம் ஒரு முழம் நகர்ந்து நிற்கிறது என்பது மச்சானின் கட்சி. அது பிறந்ததில் இருந்து அங்கேயே நிற்கிறது என்பது தம்பிராசாவின் கட்சி. இதற்காக வழக்குப் போட்டுக் கோடேறி, கோடிறங்கி, பேச்சுவார்த்தை அறுந்து பல வருசம். டொக்டர் முழுவதையும் கேட்டார். வடையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு தகரக்கதவைத் திறந்து முன்பக்கம் போனார்.

மச்சான் வாங்கிலில் இருந்து றோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தார்.

"நவரத்தினம், உம்மடை எட்டுக்கு என்ன படைக்கிறது?"

மச்சான் தயாராக இருந்தார். கேள்வி ஊர் முழுக்கப் பரவியிருந்ததுதானே. "ஆட்டிறைச்சி. கடை இறைச்சி வேண்டாம், ஊராக்கள் ஆடு அடிச்சுப் பங்கு போட்ட இறைச்சி. ஈரலைப் புறம்பாய்ப் பொரிக்கவேணும். நண்டு. ஒரு அரைப்போத்தில். போதுமோ?"

வாங்கில் சிரித்தது. டொக்டரும் சிரித்தார்.

"நல்ல சாப்பாடு. ஆர் சமைக்கிறது?"

"மனுசி."

"மனுசி ரிக்கற் போட்டு வந்து இறங்க எட்டு முடிஞ்சிடும்."

"தங்கச்சி இருக்கிறாள்."

"தங்கச்சி அழுவாவோ, சமைப்பாவோ?"

மச்சான் றோல்ஸை மென்றார். "அப்ப ஓடர் குடுப்பினம்."

"ஓம். மகன் அங்கையிருந்து போனிலை யாழ்ப்பாணத்துக்கு ஓடர் குடுப்பான். சாப்பாடு ஒரு வான் வண்டியிலை வரும். ஈரல் புறம்பாய் வராது. சரி, அதை விடும். மகன் பிந்தினால் கொள்ளி ஆர் வைக்கிறது? சகோதர உரித்திலை இஞ்சை ஆர் இருக்கினம்?"

வாங்கில் சிரிப்பை நிறுத்தியது. எல்லோரும் தங்கள் தங்கள் தேத்தண்ணிக்குள் பார்த்தார்கள். மச்சான் றோல்ஸை இன்னொரு கடி கடித்தார். ஆகவே நான் சொன்னேன்:

"தம்பிராசா."

"பாரும்!" என்றார் டொக்டர், கதிரையை இழுத்துப்போட்டு மச்சானுக்கு முன்னால் இருந்துகொண்டு. "கொள்ளி வைச்சவருக்குத்தானே முதல் இலை. உம்மடை விறாந்தையிலை, உம்மடை சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்திலை, தம்பிராசா சப்பாணி கட்டிக்கொண்டு இருப்பார். உம்மடை ஆட்டெலும்பை உறிஞ்சுவார். இன்னும் ரண்டு துண்டு போடு மோனை எண்டுவார். உம்மடை அரைப்போத்திலையும் அவர்தான் பாப்பார். பேந்து ஏப்பம் விட்டுக்கொண்டு எழும்பி, வேலிப் பக்கமாய் ஒருக்கா நடந்துபோய்ப் பாப்பார். தடுக்க ஆளில்லை. நீர் படமாய்த் தொங்கிக்கொண்டிருக்கிறீர். அடுத்த நாள் அந்தக் கதியால் எங்கை நிக்கும், நவரத்தினம்?"

மச்சான் பாதி றோல்ஸைத் தட்டில் வைத்தார். அந்த மனுசன் றோல்ஸை மிச்சம் விட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

"கிளினிக் எத்தினை மணிக்கு?" என்றார்.

டொக்டர் அதோடு விடவில்லை. அன்று பின்னேரம் மோட்டார்சைக்கிளைத் தம்பிராசா வீட்டுப் படலையில் நிறுத்தி, அதே கதையை ஆளை மாற்றிச் சொன்னார். தம்பிராசா துள்ளி எழும்பினாராம். "என்ரை எட்டிலை நவமண்ணை இருந்து திங்கிறதோ? அவர் தின்னுற தீனுக்கு எனக்குப் படைக்கவும் மிஞ்சாது!"

அடுத்த கிளினிக்கில் இரண்டு பேரும் இரண்டு மூலைக் கதிரையில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். குடையை விலக்கிச் சட்டத்தில் விரலை ஓட்டிப் பார்த்ததில் இரண்டு பேருக்கும் சிவப்பு. அந்தச் சமநிலை இருவருக்குமே பிடிக்கவில்லை.

பிறகு தொடங்கியது போர். விடியப்புறத்தில் மச்சான் வேலிக்கு இந்தப் பக்கம் நடப்பார், தம்பிராசா அந்தப் பக்கம் நடப்பார். ஒருவர் நிற்காமல் மற்றவர் நிற்கமாட்டார். தம்பிராசா சுருட்டை விட்டார் என்று கேள்விப்பட்டு மச்சானுக்கு ஒருநாள் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வளவில் கருவாடு பொரிக்கிற மணம் வந்தால் மூக்கை உயர்த்தி, "பொரியட்டும், பொரியட்டும், நல்லாய்ப் பொரியட்டும்" என்று சந்தோசப்படுவார். ஒருமுறை வேலிக்கு மேலால் ஒரு பெட்டி பனங்காய்ப் பணியாரம் வந்தது. எண்ணெய் சொட்டச் சொட்ட. பல வருசத்துக்குப் பிறகு அந்த வேலியைத் தாண்டி வந்த முதல் சாமான்.

"சமாதானத்துக்கு அனுப்பியிருக்கிறாராக்கும்" என்றா ராணி.

"உனக்கு விசரோ? இது கொலை முயற்சி" என்றார் மச்சான். அதைத் தொடாமல், கனடாவில் இருந்து வந்த சத்துக்குளிசைப் போத்தல் ஒன்றை, காலாவதித் திகதி முடிந்ததாகப் பார்த்து, அதே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பினார்.

இதையெல்லாம் டொக்டரிடம் சொன்னால் வாளியில் இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். "ஐசே, அன்பைச் சொல்லிக் குளிசை குடுத்தால் சனம் மறந்துபோகும். எரிச்சலைச் சொல்லிக் குடுத்தால் நேரம் தவறாது." டொக்டர் சொன்ன எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான். உண்மையாக இருந்ததால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

குளிசையும் நடையும் நல்லதுதான். ஆனால் மச்சானின் இரத்தக்குழாய்கள் அதற்கு முன்னமே கனகாலம் றோல்ஸ் கண்டவை. ஒருநாள் காலமை கிணற்றடியில் முகம் கழுவப் போனவர், உடுப்புத் தோய்க்கிற கல்லில் அப்படியே குந்திவிட்டார். வேர்வை ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த தம்பிராசா, இந்தப் பக்கம் காலடிச் சத்தம் நின்றதைக் கவனித்துக் கதியாலுக்கு மேலால் எட்டிப்பார்த்தார். வென்றுவிட்டேன் என்று பார்க்கத்தான் எட்டியிருப்பார்.

பல வருசத்துக்குப் பிறகு அந்த வாயில் இருந்து ஒரு கேள்வி வந்தது.

"நவமண்ணை, இடக்கை உழையுதோ?"

"ஒண்டுமில்லை. வாயு."

"வாயு இல்லையண்ணை, உது எட்டு!"

ஒழுங்கையால் சுற்றி வருவதென்றால் இரண்டு படலை திறக்கவேண்டும். தம்பிராசாவின் ஓட்டோ அவருடைய முற்றத்தில் நின்றது. மனுசன் யோசிக்கவில்லை. கோடேறிக் கோடிறங்கின அதே பூவரசங் கதியாலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து ஆட்டிப் பிடுங்கி எறிந்தார். கிடுகு வேலியை மிதித்து விழுத்தினார். அந்த வழியால் ஓட்டோவை விட்டு, என் மச்சானைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிப் படலைக்குள் நுழைந்தபோது ஓட்டோவின் முகப்பில் பூவரசங் கொப்பு ஒன்று கல்யாணக் கார் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

டொக்டர் என் குசினியில் பாதி வடையோடு இருந்தவர், அதை எறிந்துவிட்டு ஓடினார். அந்த வயிற்றோடு ஒரு மனுசன் அப்படி ஓடுவதை நான் கண்டதில்லை. ஈசிஜி எடுத்தார், குளிசைகளைச் சப்பக் குடுத்தார், ஊசி போட்டார், அம்புலன்சில் தானும் ஏறினார். ராணியும் ஏறினா. பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரைக்கும் மச்சானின் கையை டொக்டர் விடவில்லையாம். வாயும் ஓயவில்லையாம். "நவரத்தினம், கண்ணை மூடாதையும். மூடினால் வானிலை வாற இறைச்சிதான், சொல்லிப்போட்டன்." பெரியாஸ்பத்திரியில் அடைப்பைத் திறந்து உள்ளே ஒரு சின்னச் சுருள் வைத்தார்கள். நேரத்துக்கு வந்ததால் ஆள் தப்பியது என்றார்கள்.

பின்னேரம் டொக்டர் திரும்பி வந்தபோது தம்பிராசா என் கடை வாங்கிலில் இருந்தார். காலமையில் இருந்து அங்கேதான் இருந்தார். கையில் ஆறிப்போன தேத்தண்ணி. டொக்டர் பக்கத்தில் போய் இருந்தார்.

"ஆள் தப்பீட்டார். ஏன்காணும் கொண்டுவந்தனீர்? முதல் இலை போச்சே."

தம்பிராசா நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஓடர் குடுத்த இறைச்சி எனக்குப் பிடியாது, டொக்டர்."

சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். டொக்டர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய், "பிளேன்ரீ மட்டும் போதும்" என்றார்.

அதன் பிறகு இரண்டு வளவும் ஒன்றாகிவிட்டது என்று எழுதினால் ஊரார் என்னை அடிப்பார்கள். மச்சான் வீடு திரும்பின மறுகிழமையே வேலி அடைக்கத் தொடங்கி, கதியாலை எங்கே நடுவது என்று சண்டை மூண்டது. ஒரே வித்தியாசம், இப்போது வாய் திறந்து சண்டை பிடிக்கிறார்கள். மச்சான் களைத்தால் தம்பிராசா, "இருந்து ஏசுங்கோ அண்ணை, நிண்டு ஏசாதையுங்கோ" என்று கதிரை எடுத்துக்குடுக்கிறார்.

டொக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. பிரியாவிடை ஒழுங்கு செய்தவர்கள் மச்சானும் தம்பிராசாவும். சாப்பாட்டையும் அவர்களே தீர்மானித்தார்கள். அவித்த கடலை, குரக்கன் புட்டு, உப்புக் குறைந்த சம்பல், சீனி போடாத தேத்தண்ணி. கழுத்தில் மாலை விழுந்த டொக்டர் மேசையைப் பார்த்தார். அவர் ஊருக்குச் செய்ததெல்லாம் தட்டில் அவருக்கே திரும்பி வந்திருந்தது.

மச்சான் எழும்பிப் பேசினார். "டொக்டர் எல்லாற்றை நிறத்தையும் பாத்தவர். தன்ரை நிறத்தைச் சொன்னதில்லை. இண்டைக்குச் சொல்லவேணும்."

சபை கைதட்டியது. டொக்டர் கடலையைக் கிளறினார். "செம்மஞ்சள்" என்றார், மெதுவாக. "போன வருசம்." இந்த வருசம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெளிக்கிட முன்னம் பின்பக்கத்தால் குசினிக்கு வந்தார். வாளியைக் கவிழ்த்தார். குந்தினார். அன்று கடைக்கென்று சுட்ட வடை தட்டில் குவிந்து கிடந்தது, ஆவி பறக்க.

"ஐசே, கடைசியாய் ஒண்டு. வழிக்கு."

நான் தட்டை எடுத்து மேல் அடுக்கில் வைத்துத் துணியால் மூடினேன்.

"தரமாட்டன்."

"என்ன காணும் இது? உம்மடை மச்சானைக் காப்பாத்தினவன் நான்."

"அதாலைதான் தரமாட்டன். எட்டுக்கு என்ரை கையாலை வடை வேணுமெண்டு சொன்னனீங்கள். எனக்கு ஏலாது, டொக்டர். கை வராது."

வாளியில் இருந்தபடி துணி மூடின தட்டைப் பார்த்தார். பிறகு எழும்பி, எண்ணெய் ஒட்டாத விரலைப் பழக்கதோசத்தில் என் சுவரில் துடைத்துவிட்டு, மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது எந்த ஊரில் யாரை மிரட்டிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. காலமை முதல் ஈடு எடுக்கும்போது ஒரு வடையைத் தனியே வைக்கக் கை போகும். வைக்கமாட்டேன். அந்த மனுசன் எங்கே இருந்தாலும் இன்னும் கன வருசத்துக்கு என் வடைக்கு ஏங்கிக்கொண்டே இருக்கவேணும்.